எறியும் கை: வலது

அமெரிக்கக் கல்லூரி ஏதாவது ஒன்றின் பேஸ்பால் அணியில் என் மகனுக்கு இடம் தேடிய நாட்களில், ஒரே படிவத்தைத் திரும்பத் திரும்ப நிரப்பிக்கொண்டிருந்தேன். கல்லூரி மாறும், படிவத்தின் நிறம் மாறும், கேள்விகள் மட்டும் மாறாது. உயரம் அடியிலும் அங்குலத்திலும். எடை பவுண்டில். பத்தாம் வகுப்பு மதிப்பெண் அவர்கள் ஊர்க் கணக்குப்படி நாலுக்கு எவ்வளவு. பந்தின் வேகம் மைலில். அதற்குக் கீழே, மட்டை பிடிப்பது எந்தக் கை, பந்து எறிவது எந்தக் கை என்று இரண்டு கட்டங்கள். இரண்டிலும் வலது என்று போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். மற்ற எல்லாவற்றுக்கும் கால்குலேட்டர் வேண்டியிருந்தது. யோசிக்காமல் நிரப்பியது அந்த இரண்டை மட்டும்தான்.

நான் புனேயை ஒட்டிய சிஞ்ச்வடில் ஒரு வங்கிக் கிளையில் கவுண்டரில் இருக்கிறேன். பிறர் நிரப்பிக் கொண்டுவரும் படிவங்களில் என்ன விட்டுப்போயிருக்கிறது என்று பார்ப்பதுதான் பகல் முழுக்க என் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து குக்கரை ஏற்றிவிட்டு மறுபடியும் படிவத்தின் முன்னால் உட்கார வேண்டும். என் கணவர் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். மூன்று ஷிஃப்டும் மாறி மாறி வரும். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இருபது வருடம் ஆகிறது. மகன் இங்கேயே பிறந்தவன். ஒரே பிள்ளை.

பேஸ்பாலை நாங்கள் தேடிப் போகவில்லை. ஆறாம் வகுப்பில் கிரிக்கெட் அணியில் இடம் கிடைக்காத பிள்ளைகளை விளையாட்டு ஆசிரியர் ஓரமாகக் கூட்டிப்போய், ஆளுக்கொரு தோல் கையுறையை மாட்டிவிட்டு, நீங்கள் இதை ஆடுங்கள் என்றாராம். மற்றவர்கள் ஒரு வாரத்தில் கழன்றுகொண்டார்கள். இவன் ஒட்டிக்கொண்டான். பத்தாம் வகுப்பு வருவதற்குள் மாவட்ட அணி, பிறகு மாநில அணி என்று போய்விட்டான். பந்து எறிபவன்தான் அந்த ஆட்டத்தில் நடுநாயகம். ஒரு மண்மேட்டில் நின்றுகொண்டு, அறுபது அடிக்கு அப்பால் குந்தியிருப்பவனின் கையுறைக்குள் பந்தைச் சேர்க்க வேண்டும். நடுவில் மட்டையோடு நிற்பவன் அதைத் தொட்டுவிடக் கூடாது. எனக்குத் தெரிந்த பேஸ்பால் இவ்வளவுதான். ஊரிலிருந்து யார் ஃபோன் செய்தாலும், கிரிக்கெட் ஆடினாலாவது பிரயோஜனம் உண்டே என்பார்கள். நானும் ஆமாம் ஆமாம் என்று சொல்லி ஃபோனை வைத்துவிடுவேன்.

அவனுக்கு அமெரிக்கா மீது மோகம் என்று நினைக்க வேண்டாம். பந்து எறிய வேண்டும், அவ்வளவுதான். பன்னிரண்டாம் வகுப்பு முடிவதற்குள் ஏதாவது ஒரு கல்லூரி, எவ்வளவு சின்னக் கல்லூரியாக இருந்தாலும் சரி, வா என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இங்கேயே இன்ஜினியரிங், ஆட்டம் அதோடு சரி. இதை அவனே ஒருநாள் எங்களை உட்கார வைத்துச் சொன்னான். கையிலேயே வைத்திருந்த பந்தை உருட்டிக்கொண்டே சொன்னான். முடியாது என்று சொல்ல எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை.

முதல் கடிதத்தை நான்தான் எழுதினேன். மதிப்பிற்குரிய ஐயா, பணிவுடன் வேண்டிக்கொள்வது யாதெனில் என்று வங்கியில் விடுப்புக்கு எழுதுவோமே, அதே பாணியில் ஆங்கிலத்தில். மகன் படித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"அம்மா, கோச்சுக்கு இப்படியெல்லாம் எழுத மாட்டாங்க. ஹாய் கோச்னு ஸ்டார்ட் பண்ணணும்."

"மொகம் தெரியாத பெரிய மனுசனுக்கு ஹாயா? வெளங்கிரும்."

கடைசியில் அவன் பாணியே வென்றது. ஹாய் கோச், ஹாய் கோச் என்று ஊர் ஊராக அனுப்பினோம். பெரும்பாலும் பதிலே வராது. ஒருநாள் விடிகாலையில் ஒரு பதில் வந்திருந்தது. உங்கள் ஆட்டத்தை எங்கள் முகாமில் பார்க்க ஆவலாக இருக்கிறோம், நீங்கள் அழைக்கப்படுகிறீர்கள் என்று அவன் பெயரையே போட்டு எழுதியிருந்தார்கள். அவன் பயிற்சிக்குப் போயிருந்தான். என் கணவர் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தவர், சட்டையைக்கூட மாற்றாமல் கீழே போய் ஒரு கிலோ பேடா வாங்கி வந்தார். எங்கள் மாடியில் நாலு வீடு, மேல்மாடியில் இரண்டு, கீழே வாட்ச்மேன், எல்லோருக்கும் கொடுத்தாயிற்று. மகன் வந்தான், படித்தான். கையில் எடுத்த பேடாவைப் பெட்டியிலேயே திரும்ப வைத்தான்.

"அம்மா, யே தோ சப்கோ பேஜ்தே ஹைங். எல்லாருக்கும் அனுப்புவாங்க. காசு கட்டிப் போற கேம்ப். செலக்‌ஷன் இல்ல."

அன்றிலிருந்து வாட்ச்மேன் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "தாயி, அமெரிக்கா கதீ?" என்று கேட்பார். மராத்தியில் கதீ என்றால் எப்போது. தமிழில் கதி என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

கடிதம் போதாது, வீடியோ வேண்டும் என்றார்கள். என் கணவர் தொழிற்சாலையில் கிடந்த இரும்புக் குழாயில் ஃபோனை மாட்ட ஒரு ஸ்டாண்ட் செய்து கொண்டுவந்தார். வேகம் அளக்கும் கருவி பக்கத்து வாகடில் ஒரு கிரிக்கெட் பயிற்சிக்கூடத்தில் இருந்தது. அங்கே போய்க் காத்திருந்து, கிரிக்கெட் பிள்ளைகள் எல்லாம் முடித்த பிறகு, அரை மணி நேரம் இரவல் வாங்கினோம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் படம் பிடித்தோம். அவர் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு இங்கேயா அங்கேயா என்று அலைந்துகொண்டிருந்தார்.

"அப்பா, சோத்துக்கைப் பக்கம் நில்லு. பீச்சாங்கைப் பக்கம் நின்னா ஃபேஸ் தெரியாது," என்று மேட்டிலிருந்து மகன் கத்தினான்.

என் மகனுடைய தமிழ் எங்கள் வீட்டுக்குள் புழங்கும் தமிழ் மட்டுமே. வாசிக்கத் தெரியாது. வலது இடது என்றால் கொஞ்சம் யோசிப்பான். சோத்துக்கை, பீச்சாங்கை என்றால் உடனே புரியும். கைக்கு மட்டுமல்ல, தெருவுக்கும் வண்டிக்கும் லிஃப்டுக்கும் அவனுக்கு அதே சொற்கள்தான். சென்னையிலிருந்து வந்த என் அண்ணனிடம், "மாமா, பீச்சாங்கைப் பக்கம் லிஃப்ட் இருக்கு" என்று வழி சொன்னான். அண்ணன் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த இரண்டு சொற்களை அவனுக்கு அவ்வளவு அழுத்தமாகக் கற்றுக்கொடுத்தவள் நான் என்பதால், கொஞ்சம் குறைத்துத்தான் சிரித்தேன்.

வீடியோ போய் இரண்டு மாதம் கழித்து, பெயரே கேள்விப்படாத ஒரு ஊரின் சின்னக் கல்லூரியிலிருந்து துணைப் பயிற்சியாளர் ஒருவர் வீடியோ காலில் பேசலாம் என்று எழுதினார். நாங்கள் இனிப்பு வாங்கவில்லை. மே மாதம், காலை ஆறரை மணி. அங்கே முந்தின நாள் ராத்திரி. மகன் மேலே அப்பாவின் வெள்ளைச் சட்டையும் கீழே அரை டவுசருமாக உட்கார்ந்தான். நான் கேமராவில் விழாமல் பக்கத்தில் முக்காலி போட்டு, காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் கணவர் அடுக்களை வாசலில் நின்றார்.

அந்த ஆளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. தொப்பி போட்டிருந்தார். ஆங்கிலத்தில் அவர் பேசியதில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். முதலில் நாலு நல்ல வார்த்தை சொன்னார். உடம்புவாகு நன்றாக இருக்கிறது, குறி தப்பவில்லை, மதிப்பெண்ணும் நல்ல மதிப்பெண். பிறகு ஆனால் என்றார். கவுண்டரில் முடியாது என்று சொல்வதற்கு முன்னால் நாங்களும் அப்படித்தான் ஆரம்பிப்போம். இந்த வேகத்தில் வலது கையால் எறிகிற பையன்கள் என் ஊரிலேயே இருக்கிறார்கள், கடல் தாண்டி ஒருவனைக் கூட்டிவர மேலிடத்தில் என்ன காரணம் சொல்வேன் என்றார். மகன் தலையாட்டினான். அவன் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தது எனக்குத் தாங்கவில்லை.

அப்போது அவர் கேட்டார். "உன் வீடியோ கடைசியில் ஒரு பையன் வருகிறானே, இடது கைக்காரன். அவன் யார்?"

மகனுக்குப் புரியவில்லை. அவர் அந்த இடத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். எட்டு நொடிதான் இருக்கும். எல்லாம் முடிந்தது என்று இவன் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, காலடியில் கிடந்த பந்துகளைப் பொறுக்கித் தூரத்து வலைக்குள் எறிகிறான். இடது கையால். அப்பாவிடம் ஏதோ பேசிக்கொண்டே, வலையைப் பார்க்கக்கூட இல்லாமல். என் கணவர் கேமராவை நிறுத்த மறந்திருக்கிறார். வெட்டிவிட நானும் மறந்திருக்கிறேன். பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் போய் விழுகின்றன.

"அது நான்தான் கோச். சும்மா எறிந்தேன்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு நெருங்கி வந்தார். எழுதுவது எந்தக் கை? வலது. சாப்பிடுவது? வலது. சின்ன வயதிலிருந்தேவா?

மகன் என் பக்கம் திரும்பினான். "அம்மா, நான் எப்பவும் சோத்துக்கைதானே?"

"ஆமான்னு சொல்லுல," என்றேன்.

அவன் ஆமாம் என்றான். அவர் பின்னால் சாய்ந்துகொண்டார். இடது கையால் எறிகிறவர்கள் எங்களிடம் இல்லவே இல்லை, நீ இடது கைக்காரனாக இருந்திருந்தால் இந்தப் பேச்சே வேறு மாதிரிப் போயிருக்கும் என்றார். வாழ்த்துச் சொல்லி வைத்துவிட்டார். மகன் வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்து அப்பாவிடம் கொடுத்தான். அவர் அதை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

அவன் இடது கைப் பிள்ளையாகத்தான் பிறந்தான். ஒன்றரை வயதில் தானாகச் சாப்பிட ஆரம்பித்தபோது, தட்டில் முதலில் இறங்கியது இடது கைதான். எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. திருநெல்வேலியில் ஒரு கல்யாணப் பந்தியில் என் மடியில் உட்கார்ந்து அந்தக் கையால் அப்பளத்தை எடுத்தான். எதிர் வரிசையில் ஒருத்தி, "ஐயே, பீச்சாங்கைப் பிள்ளையா?" என்று கேட்டாள். நாலைந்து பேர் சிரித்தார்கள். யாரும் எனக்குப் புத்தி சொல்லவில்லை, மாற்று என்று கட்டாயப்படுத்தவில்லை. என் முகம்தான் சுண்டிவிட்டது. புனேக்குத் திரும்பிய மறுநாளே ஆரம்பித்தேன்.

நான் அடிக்கவில்லை, சூடு வைக்கிறேன் என்று மிரட்டவில்லை. அதில் எனக்கு அப்போது பெருமைகூட இருந்தது. சிவப்பாக ஒரு பொம்மை பஸ் வாங்கினேன். சாப்பிட உட்காரும்போது அதை அவன் இடது கையில் கொடுத்துவிடுவேன். பஸ்ஸைக் கீழே வைத்தால் சோறு கிடையாது. அந்தக் கையில் பஸ் இருக்கிறது, பசிக்கிறது, இன்னொரு கைதானே வர வேண்டும்? வந்தது. சோத்துக்கை, சோத்துக்கை என்று ஒவ்வொரு வாய்க்கும் சொல்லிக்கொண்டே இருப்பேன். சிலேட்டுக் குச்சிக்கும் அதே வைத்தியம். எட்டு மாதத்தில் மாறிவிட்டான். பிறகு பள்ளிக்கூடத்தில் அதே இடது கையில் ஒரு தோல் கையுறையை மாட்டினார்கள். வலது கையால் எறிகிறவன் இடது கையில்தானே அதை மாட்ட வேண்டும். பஸ் போய்க் கையுறை வந்தது.

அந்த வீடியோ காலுக்குப் பிறகு இரண்டு நாள் நான் இதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள், படிவத்துக்கு வேண்டிய ஒரு மதிப்பெண் சான்றிதழுக்கு முத்திரை வாங்க இருவரும் லோக்கல் ரயிலில் சிவாஜிநகர் போனோம். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். ரயில் நகர்ந்ததும் சொல்ல ஆரம்பித்தேன். பந்தி, அப்பளம், பஸ், எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் முதலில் கேட்டது வேறு. "பீச்சாங்கைன்னா லெஃப்ட்தானேம்மா? அதுக்கு எதுக்கு சிரிச்சாங்க?"

பெட்டியில் யாருக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் குரலைத் தாழ்த்தி, அந்தக் கை எதற்கு என்று அந்தச் சொல் சொல்கிறதோ அதைச் சொன்னேன். அவன் வாய்விட்டுச் சிரித்தான். இத்தனை வருடம் அதைச் சொல்லி வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் வழி காட்டியிருக்கிறேனே என்றான். பிறகு சிரிப்பு நின்றது.

"நான் அழுதேனா?"

"இல்லல. பஸ்ஸைப் புடிச்சிக்கிட்டு பேசாம சாப்பிட்ட."

அழுதான் என்று சொல்ல முடிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அழுகிற பிள்ளையிடம் தோற்றுப்போகிற தாய்மார்களில் நானும் ஒருத்தி. அவன் அழவே இல்லை.

காசர்வாடி தாண்டியதும் மறுபடி கேட்டான். "சின்னதுல பண்ணது ஓகே. அன்னிக்கு கோச் கேட்டாரே, அப்ப ஏன் பொய் சொன்ன?"

"பயந்துட்டேன்."

"கிஸ்ஸே? யாருக்கு, கோச்சுக்கா?"

"ஒனக்குத்தான்."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சிவாஜிநகர் வந்தது. இறங்கும்போது கூட்டத்தில் என் பையை வாங்கிக்கொண்டான். எந்தக் கையால் வாங்கினான் என்று பார்த்தேன். அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் அதைத்தான் பார்த்தேன்.

அன்று சாயங்காலமே அந்தத் துணைப் பயிற்சியாளருக்கு எழுதினான். நான் பிறவியில் இடது கைக்காரன், சின்ன வயதில் வீட்டில் மாற்றிவிட்டார்கள் என்று இரண்டே வரி. அம்மா என்று எழுதவில்லை, வீட்டில் என்று எழுதியிருந்தான். மறுநாளே பதில் வந்தது. செப்டம்பர் கடைசி வரை ஒரு இடத்தை நிறுத்திவைக்கிறேன், அதற்குள் இடது கையில் எறிந்து ஒரு வீடியோ அனுப்பு என்று.

இங்கே அவனுக்குப் பயிற்சி கொடுப்பவர் ஒரு மராத்திக்காரர். விஷயத்தைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "தாயி, உல்ட்டா கேலத் தும்ஹி," என்றார். தலைகீழாகச் செய்துவிட்டீர்கள் என்று அர்த்தம். கோபமாகச் சொல்லவில்லை, அதனால் இன்னும் வலித்தது. இடது கையால் எறிகிறவன் கையுறையை வலது கையில் மாட்ட வேண்டும். அப்படி ஒன்று புனே முழுக்கத் தேடியும் கடையில் இல்லை. வானவடியில் ஒரு ராணுவ அதிகாரியின் மகனிடம் பழையது ஒன்று இருப்பதாகப் பயிற்சியாளரே விசாரித்துச் சொன்னார். என் கணவர் ஸ்கூட்டரில் போய் வாங்கி வந்தார்.

ஜூனில் மழை பிடித்துக்கொண்டது. மைதானம் சேறானது. எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டியின் பார்க்கிங்கில், தூணில் ஒரு பழைய மெத்தையைக் கட்டித் தொங்கவிட்டு எறிந்தான். நான் வங்கியிலிருந்து வந்து, மெத்தையில் பட்டு உருளும் பந்துகளை வண்டிகளுக்கு அடியிலிருந்து பொறுக்கிக் கொடுப்பேன். குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிற்று. ஒரு ஸ்கூட்டர் கண்ணாடி உடைந்தது. சொசைட்டி செகரட்டரி வாட்ஸ்அப் குழுவில் பெயர் சொல்லாமல் எங்களைத் திட்டினார். வாட்ச்மேன் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்ப்பார், முடிந்ததும் அமெரிக்கா கதீ என்பார்.

என் கணவர் ஒருநாள் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஏளா, ரீவொர்க் பண்ணின பீஸை மறுபடியும் ரீவொர்க் பண்ணுதோம். எங்க லைன்ல இதை ஒத்துக்கிட மாட்டாங்க," என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பேஸ்பாலில் அரிச்சுவடி தெரியாத எனக்கே வித்தியாசம் தெரிந்தது. வலது கையால் எறியும்போது அவன் முகத்தில் எப்போதும் ஒரு கணக்கு ஓடும், உதட்டைக் கடித்துக்கொள்வான். இடது கையால் எறியும்போது முகம் சும்மா இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, எங்காவது ஓடிப்போய்விடலாம் போலவும் இருந்தது. வேகம் வாராவாரம் ஏறியது. ஆகஸ்டில் ஏறுவது நின்றது. தோளும் முழங்கையும் வளர்கிற வயதில் பழகியிருக்க வேண்டும், நாலு மாதத்தில் நடக்கிற காரியமா இது என்று பயிற்சியாளர் சொன்னார். அதற்கு நடுவில் மாநிலப் போட்டி வந்தது. அதில் அவன் பழையபடி வலது கையால்தான் எறிய வேண்டும். இரண்டு கையிலும் எறிந்து எறிந்து, செப்டம்பர் கடைசியில் இடது கை வீடியோ போன அதே வாரம், அவனுடைய வலது தோள் வீங்கிவிட்டது. டாக்டர் கையைத் துணிப்பட்டியில் கட்டி, மூன்று வாரம் அசைக்காதே என்றார்.

பதில் அக்டோபரில் ஒரு காலையில் வந்தது. மூவரும் இருந்தோம். அப்பாவுக்காக அவன் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தான்.

"சொல்றாரு... ஆர்ம் ஆக்‌ஷன் ரொம்ப நேச்சுரல். இவன் பொறந்ததே லெஃப்டி. ஆனா ஸ்பீட் பத்தாது. இந்த வருஷம் முடியாது." கடைசி வரிக்கு வந்தான். "ஆறு வருஷம் முன்னாடி ஸ்டார்ட் பண்ணிருந்தா... நானே ப்ளேன் ஏறி உன்னைப் பாக்க வந்திருப்பேன், அப்டீன்னு எழுதிருக்காரு."

ஃபோனை மேசையில் கவிழ்த்து வைத்தான். "நல்ல மெயில்மா. சப்ஸே அச்சா மெயில்," என்றான்.

எனக்காகத்தான் அப்படிச் சொன்னான். அந்த மனிதரும் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார். அந்தக் கடைசி வரியை மட்டும் அவர் எழுதாமல் விட்டிருக்கலாம்.

நான் வேலைக்குப் போனேன். ஒரு கிழவர் கொண்டுவந்த படிவத்தில் மூன்று இடத்தில் பிழை. ஒன்றையும் நான் கவனிக்கவில்லை, மேலாளர் கூப்பிட்டுக் கேட்டார். சாயங்காலம் வாசலில் வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் கேட்பதற்கு முன்னால், "நாஹி, பாவு," என்றேன். அவர் மறுபடி உட்கார்ந்துகொண்டார். இன்றுவரை திரும்பக் கேட்கவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரசமும் உருளைக்கிழங்குப் பொரியலும் வைத்தேன். தோள் கட்டுப் போட்ட நாளிலிருந்து அவனுக்கு நான்தான் ஸ்பூன் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதை இடது கையில் பிடித்துச் சாப்பிட்டு முடிப்பான். ஸ்பூனுக்குக் குற்றமில்லை, அதனால் நானும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன். அன்றைக்கு அவன் ஸ்பூனை எடுத்து மேசையில் தள்ளி வைத்தான். இடது கையைத் தட்டுக்குள் விட்டான்.

என் நாக்கு நுனிவரை அந்தச் சொல் வந்துவிட்டது. சோத்துக்கைல, சோத்துக்கை. இத்தனைக்கும் பிறகு, அன்று காலையில் வந்த கடிதத்துக்கும் பிறகு, அது வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ரசம் ஊற்றினேன். கொஞ்சம் அதிகமாகவே விழுந்துவிட்டது, சோறு தளர்ந்துவிட்டது. என் கணவர் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் யாரையும் பார்க்கவில்லை, எனக்குக் காட்டுவதற்காகவும் செய்யவில்லை. பசி, அவ்வளவுதான். தளர்ந்த சோற்றைப் பிசைந்தான், விரல்களால் கூட்டி எடுத்தான், கட்டைவிரலால் வாய்க்குள் தள்ளினான். யாரும் அந்தக் கைக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததில்லை. ஒன்றரை வயதில் நான் பஸ்ஸைக் கொடுத்து நிறுத்தியது. மோருக்கும் சோறு கேட்டு வாங்கி, முழுவதும் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனான்.

மேசையைத் துடைக்கத் துணியோடு வந்தேன். என் தட்டைச் சுற்றிச் சிந்தியிருந்தது, அவன் அப்பாவின் தட்டைச் சுற்றியும் நாலு பருக்கை கிடந்தது. அவன் சாப்பிட்ட இடத்தில் ஒரு பருக்கை இல்லை.